நான்கு தந்தியும் நாடு கடந்த விரல்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கொடிகளையே எண்ணியிருக்கின்றனர். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்து அங்கே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைப் பறித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயர் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் அடுத்தடுத்து ஏறின. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை ஒப்படைத்துவிட்டு வெளியேறியது. பாடசாலை மாணவர் மனனஞ் செய்யும் வரலாறு இதுவே. ஆனால் கொடி இறங்கிய பின் கரையிலே எஞ்சி நின்றவர்கள் யார்? அவர்களுடைய கையிலே எஞ்சியது யாது? இவ்வினாவைப் பாடநூல்கள் கேட்பதில்லை.

எம்முள் இவ்வினாவை எழுப்பியது பெருநூல் எதுவுமன்று. ஒரு முழத்துக்குச் சற்றே மிகுந்த நீளமும் நான்கு தந்தியும் உடைய ஒரு சிறு வாத்தியமே அதனை எழுப்பிற்று. ஆங்கிலம் பேசுவோர் அதனை யுக்குலேலி என்பர்; அதற்குப் பெயரிட்ட ஹவாய்த் தீவு மக்களோ உக்குலேலே என்றழைப்பர். பெயரிட்டவர் நாவுக்கே மதிப்பளித்து நாமும் அவ்வாறே எழுதுவோம்.

உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள வீடொன்றின் விறாந்தையிலே ஞாயிறு மாலைதோறும் நாம் அறுவர் கூடினோம். ஆசிரியர் இருவர், மாணவர் இருவர், துறைமுகத் தொழிலாளி ஒருவர், முதிய தச்சர் ஒருவர். எம்மிடம் இருந்தவை மூன்று வாத்தியங்களே. ஆகவே மூவர் மீட்ட மற்றை மூவர் கைதட்டித் தாளம் காப்பது எமது வழக்கமாயிற்று. வறுமை வகுத்த இவ்வேற்பாடே எமக்குச் சிறந்த ஆசானாகவும் அமைந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

முதற் பாடம் எளிது. சுட்டுவிரலின் நகம் உராய மேலிருந்து கீழாக நான்கு தந்திகளுக்கும் குறுக்கே ஒரு வீச்சு. விரலின் சதை தழுவக் கீழிருந்து மேலாக மற்றொரு வீச்சு. வருடி மீட்டும் கலையின் அரிச்சுவடி இவ்விரண்டே. ஆனால் இவ்விரண்டிலிருந்து ஒரு கோலம் பிறப்பது எங்ஙனம்? எட்டு வீச்சுகளைக் கொண்ட ஓர் ஆவர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். முதலாவது, மூன்றாவது, நான்காவது, ஆறாவது, ஏழாவது, எட்டாவது வீச்சுகள் தந்தியைத் தொடும். இரண்டாவதும் ஐந்தாவதும் தொடாமல் வெறுங்காற்றை அளைந்து செல்லும். கையோ எட்டு வீச்சிலும் ஊஞ்சல்போல் ஓயாது ஆடிக்கொண்டேயிருக்க வேண்டும். தொடாத இடத்திற் கையை நிறுத்தினோமாயின் தாளம் அக்கணமே குலைந்துபோகும். எம்மில் ஐவர் மூன்று வாரங்களாகத் தடுமாறியது இவ்விடத்திலேதான். தொடும் இடத்தை மாத்திரமே நாம் கற்க முயன்றோம். விடும் இடமும் கோலத்தின் பாதி என்பதைக் கை அறியவில்லை. தகதிமி தகஜொணு என்று வாயாற் சொல்லிப் பழகிய பின்னரே கை வழிக்கு வந்தது.

ஆறாமவரான தச்சருக்கு இத்தடுமாற்றம் இருக்கவில்லை. அவர் பறங்கியர் குடும்பத்தவர். இளமையிலே தம் இனத்தவர் திருமண வீடுகளிற் கிதார் வாசித்தவர். எட்டை விட்டு ஆறுக்கு அவர் கை தானாகவே தாவியது. மும்மூன்றாக இரு கூறாய்ப் பிரியும் ஆறு, அதாவது எமது தகிட தகிட. "இது எப்படி?" என்று கேட்டோம். "சொல்லத் தெரியாது தம்பிமாரே, கையைப் பாருங்கோ" என்பதே அவர் விடை. அன்று முழுவதும் அவர் கையைப் பார்த்தோம். தம் பேரப்பிள்ளைகள் எவருக்கும் இந்தக் கை வரவில்லை என்று விடைபெறும்போது அவர் சொன்ன சொல் எம்மை வீடுவரை தொடர்ந்து வந்தது. கையிலிருக்கும் ஒரு செல்வம் எவ்வாறு வருகிறது, எவ்வாறு அழிகிறது என்பதை ஆராயத் தொடங்கினோம்.

தோட்டக் கூலிகள் கொண்டு சென்ற கொடை

உக்குலேலேயின் பிறப்பிடம் ஹவாய். ஆனால் அதன் பெற்றோர் ஹவாயர் அல்லர். ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் கடலிலே போர்த்துக்கலுக்குச் சொந்தமான மதேரா என்னுந் தீவு உளது. அங்கே பிரகீனா, மச்சேட்டி என்றெல்லாம் வழங்கிய நான்கு தந்திச் சிறு வாத்தியமும், ரஜாவோ என்னும் ஐந்து தந்தி வாத்தியமும் உழவர் கைகளிலே தவழ்ந்தன. முன்னதன் உடலும் பின்னதன் சுருதி முறையும் சேர்ந்ததே இன்றைய உக்குலேலே.

இவை கடல் கடந்த வரலாறு எமக்கு அந்நியமானதன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் மதேராவின் கொடிமுந்திரித் தோட்டங்களை நோய்கள் அடுத்தடுத்து அழித்தன. உழவர் பட்டினியில் வாடினர். அதே காலத்தில் ஹவாயின் கரும்புத் தோட்ட முதலாளிகள் மலிவான உழைப்பைத் தேடி உலகெங்கும் வலை வீசினர். 1879ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மதேராவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்னுங் கப்பல் நானூற்றுக்கு மேற்பட்ட ஆண், பெண், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நான்கு மாதப் பயணத்தின்பின், ஓகஸ்ட் 23ஆம் நாள், அது ஹொனலூலுத் துறையை அடைந்தது.

அந்த ஆண்டுகளை வாசகர் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடிற்று. உயிர் பிழைக்க வழி தேடிய தமிழர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கூட்டங் கூட்டமாய் வந்தனர். 1869இலிருந்தே இலைநோய் அத்தோட்டங்களைத் தின்றுகொண்டிருந்தது. அங்கே கொடிமுந்திரி, இங்கே கோப்பி; அங்கே மதேரா உழவன், இங்கே தமிழ்க் குடியானவன். அங்கே ஒப்பந்தத்தை முறித்து ஓடினால் சிறை. இங்கே 1921இல் ஒழிக்கப்படும் வரை தொழிலாளியைக் கடனாற் கட்டி வைத்த துண்டு முறை. தோட்ட முதலாளித்துவம் கடல்தோறும் ஒரே முகத்துடன்தான் நடமாடியது.

ரேவன்ஸ்கிராக் கப்பலில் வந்தோருள் மானுவேல் நூனெஸ், அகுஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ என்னும் மூவர் மரவேலைக் கைவினைஞர். கப்பல் கரை சேர்ந்தபோது ஜுவாவோ பெர்னாண்டெஸ் என்பவர் இரவல் வாங்கிய பிரகீனாவை மீட்டி நன்றிப் பாட்டுப் பாடினார் என்பர். சில நாட்களுக்குள்ளேயே மதேரா மக்கள் இரவுதோறும் தெருக்களில் இசை நிகழ்த்துவதை ஹொனலூலுப் பத்திரிகையொன்று குறித்தது. கரும்புக் காட்டில் ஒப்பந்தக் காலம் முடிந்தபின், 1880களின் நடுப்பகுதியில் அம்மூவரும் நகரிலே பட்டறை வைத்தனர். தீவிலே வளரும் கோவா மரத்தை இழைத்துச் சிறு வாத்தியங்கள் செய்தனர். தந்திகளின்மேல் விரல்கள் துள்ளும் விரைவைக் கண்ட தீவு மக்கள் அதற்கு 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' எனப் பெயரிட்டனர். உக்குலேலே என்னுஞ் சொல்லுக்குப் பெரும்பாலார் கூறும் பொருள் அதுவே. ஹவாயின் கடைசி அரசியான லிலியுவோக்கலானி, 'இங்கு வந்து சேர்ந்த கொடை' என்று வேறொரு பொருள் கண்டார். மதேராக் கூலிகளின் கொடை என்று அதனை விரித்துரைத்தல் தகும்.

வாத்தியம் வந்த காலமும் கவனிக்கத்தக்கது. கிறித்துவ மிஷனரிமாரின் செல்வாக்கால் இழிந்ததென ஒதுக்கப்பட்டிருந்த ஹூலா நடனத்தை மன்னர் கலாக்கவுவா அந்நாளில் அரங்கேற்றிக்கொண்டிருந்தார். 1886இல் நிகழ்ந்த அவரது பொன்விழாவில் ஹூலாவுக்குப் பக்கவாத்தியமாக உக்குலேலே ஒலித்தது. நேற்று வந்த கூலியின் வாத்தியம் இன்று நாட்டு மக்களின் தன்மானத்துக்குக் குரலாயிற்று. ஆயினும் சர்க்கரை முதலாளிகள் வாளாவிருக்கவில்லை. 1887இல் துப்பாக்கி முனையில் மன்னரின் அதிகாரத்தைப் பறித்தனர். 1893இல் அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, அரசி லிலியுவோக்கலானியின் ஆட்சியைக் கவிழ்த்தனர். 1896இல் பாடசாலைகளில் ஆங்கிலமே போதனா மொழியாயிற்று. 1898இல் ஐக்கிய அமெரிக்கா நாட்டையே விழுங்கியது.

இதற்குப் பின் நடந்ததே ஏகாதிபத்தியப் பண்பாட்டின் இயல்பை நன்கு காட்டும். ஹவாயரின் மொழியைப் பாடசாலையிலிருந்து துரத்தியவர்களே ஹவாயரின் இசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். 1915இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெருங் கண்காட்சியிலே ஹவாய் மண்டபத்தின் இசை பலரை மயக்கிற்று. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்க வாத்தியத் தொழிற்சாலைகள் உக்குலேலேயை ஆயிரமாயிரமாகச் செய்து தள்ளின. நியூயோர்க்கின் பாட்டு வியாபாரிகள், ஹவாய்ச் சொற்கள் போல ஒலிக்கும் அர்த்தமற்ற சொற்களை அடுக்கிப் பாட்டுகளைப் புனைந்து விற்றனர். மண்ணை இழந்த மக்களின் இசை, உல்லாசப் பயணிகளுக்குச் சொர்க்க விளம்பரமாயிற்று. நிலாவெளிக் கடற்கரை விடுதிகளிலே எமது மீனவரின் தோணிகளும் வலைகளும் அலங்காரப் பொருள்களாக நிற்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆனால் வரலாறு வியாபாரிகளோடு முடிந்துவிடுவதில்லை. ஏர்னெஸ்ட் காஆய் என்னும் ஹவாய்க் கலைஞர் 1906இல் இவ்வாத்தியத்தைக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். உக்குலேலேக்கென அச்சில் வந்த முதற் கையேடாக அறியப்படுவது அதுவே. கப்பல் வந்து 27 ஆண்டுகள் கழிந்த பின்னரே எழுத்து வந்தது. அதுவரை அக்கலை வாழ்ந்தது முற்றத்திலும் தெருமுனையிலும், ஒருவர் கையை மற்றவர் பார்த்து.

கரையில் எஞ்சியவர்கள்

இனி எமது துறைமுகத்துக்கு மீள்வோம். ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து முற்றாக வெளியேற்றினர். படைத்தலைவர்கள் போயினர், சாதாரணச் சிப்பாய்களும் கைவினைஞரும் இங்குள்ள பெண்களை மணந்து பெற்ற சந்ததியார் கரையிலேயே நின்றனர். போர்த்துக்கேயர் கொணர்ந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்களும் இத்தீவில் எஞ்சினர். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியரின் தோற்றம் இது. அவர்களது கிரியோல் மொழியே ஒல்லாந்தர் ஆட்சியிலும் இலங்கைத் துறைமுகங்களின் பொதுமொழியாயிருந்தது. ஆண்டவன் மொழியை அடங்கியவன் மொழி வென்ற அதிசயங்களுள் இஃது ஒன்று.

அவர்களிற் பெரும்பாலோர் தச்சர், கொல்லர், தையற்காரர், சப்பாத்துத் தைப்போர். மதேராவின் மூன்று மரவேலைக்காரர்களை வாசகர் இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். ஒரே மொழிக் குடும்பம், ஒரே தொழில், கையிலே ஒரே வகைத் தந்தி வாத்தியங்கள். கைத்தொழில் செய்தமையாலேயே ஆங்கில ஆட்சியாளரும் மேல்தட்டுப் பறங்கியரும் இவர்களைத் தாழ்த்தி 'மெக்கானிக்' என்று முத்திரை குத்தினர். 1908இல் கொழும்பில் அமைந்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம், தந்தை வழியில் ஒல்லாந்த மரபைக் காட்ட முடியாதவர்களுக்குக் கதவடைத்தது. குலமுறைக் கிளத்தலில் தமிழர் மாத்திரந்தான் வல்லவர் என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

தாழ்த்தப்பட்ட இம்மக்களே கஃப்ரிஞ்ஞா என்னும் ஆடலிசையைக் காத்தவர்கள். பெயரிலேயே ஆபிரிக்கத் தொடர்பு உண்டு. வயலினும் கிதாரும் மண்டலினும் தோற்கருவியும் கூடி, ஆறின் ஓட்டத்தில் விரையும் இவ்விசை திருமண வீடுகளை அதிரவைத்தது. இதன் வழிவந்த பைலாவை 1940களில் வாலி பஸ்தியன் போன்றோர் கொழும்பு மேடைக்குக் கொண்டுசென்றனர். இன்று நாடெங்கும் சிங்களத்தில் ஒலிக்கும் பைலாவுக்கு ஆடாதவர் அரிது. ஆனால் அதனைப் பெற்ற மக்களின் பெயரைச் சொல்வாரும் அரிதே.

இக்கரையின் மக்கள் கிழக்கு நோக்கியும் சென்றனர். தாமாகச் செல்லவில்லை, கொண்டு செல்லப்பட்டனர். சோழமண்டலக் கரை, வங்காளம், மலையாளக் கரை, இலங்கை ஆகிய இடங்களின் போர்த்துக்கேயக் குடியிருப்புகளிலிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய அடிமைகளும் சிறைப்பட்டோரும் பத்தாவியாவில், இன்றைய யக்கார்த்தாவில், பின்னர் விடுதலை பெற்றனர். 1661இல் அவர்களுட் சிலர் அருகிலுள்ள தூகு என்னுமிடத்திற் குடியேற்றப்பட்டனர். தூகு மக்கள் வளர்த்த குரொஞ்சோங் இசை இந்தோனேசியாவின் தேசியச் செல்வங்களுள் ஒன்றாகியது. அவ்விசையில் உக்குலேலேக்கு உடன்பிறப்பான சிறு வாத்தியங்கள் இரண்டு: சாக் என்பதொன்று, சூக் என்பது மற்றொன்று. ஒன்று மீட்டும் இடைவெளியில் மற்றொன்று புகும். ஒன்று விட்டதை மற்றொன்று தொடும். தனித்துக் கேட்டால் இரண்டும் குறைப்பட்டவை. சேர்ந்து கேட்டாற் பாய் பின்னியது போன்ற முழுமை. ஒருவர் மூன்றாம் வீச்சிற் கையை வெறுங்காற்றில் விட, மற்றவர் அங்கே தந்தியைத் தொடுமாறு எமது விறாந்தையிலும் முயன்று பார்த்தோம். ஒரு மாலை முழுதும் சண்டையிட்டோம். இறுதியில் ஒரு நிமிடம் அது கைகூடிற்று. அந்த ஒரு நிமிடத்துக்காக மறுவாரமும் அறுவரும் தவறாது வந்தோம்.

தூகுவிலே தழைத்தது திருகோணமலையிலே வாடியதேன்? விடை கடினமன்று. 1956க்குப் பின் வசதி படைத்த பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டனர். பாலையூற்றிலும் நகரின் பிற பகுதிகளிலும் எஞ்சியோர் தமிழையே நாளாந்த மொழியாக்கிக்கொண்டனர். 1983 முதல் 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போரும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் கிழக்குக் கரையின் எல்லாச் சமூகங்களையும் போலவே அவர்களையும் சிதறடித்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிவில் சேவை உத்தியோகத்தர் ஹியூ நெவில் சேகரித்த அவர்களது பாடல்களின் கையெழுத்துப் பிரதி இலண்டனிலே பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூகோ கார்டோசோவும் அவர்தம் குழுவினரும் இக்கரைக்கு வந்து மொழியையும் இசையையும் ஒலி, ஒளிப் பதிவு செய்துள்ளனர். போற்றத்தக்க பணி. ஆனால் பதிவு வேறு, பயிற்சி வேறு. பாடலைப் பெட்டியில் அடைத்துக் காக்கலாம்; விரலை அடைத்துக் காக்க முடியாது.

ஏட்டில் எஞ்சிய பெயர்கள்

இவ்வுண்மையைத் தமிழர் எவரினும் நன்கறிவர். எம்மிடம் யாழ் இருந்தது, இன்று இல்லை.

சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் பாடமாகப் படித்த ஆசிரியரும் மாணவரும் பலராவர். அதுவும் ஒரு துறைமுகப் பட்டினத்தின் கதையே. புகார்க் கடற்கரையில் மாதவி யாழைத் தொழுது வாங்கும் இடத்திலே, இளங்கோவடிகள் விரற் செய்கைகளை வரிசையாகப் பெயரிடுகிறார்: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. பழைய உரை இவற்றுட் சிலவற்றை விளக்குகின்றது. வார்தல் சுட்டுவிரலின் தொழில். வடித்தல் சுட்டுவிரலும் பெருவிரலும் கூடி நரம்பை உள்ளும் புறமும் ஆராய்வது. உறழ்தல் ஒரு நரம்பையோ இரு நரம்பையோ இடையிலே விட்டுத் தாண்டி மீட்டுவது. உருட்டல் சுட்டுவிரல் தனித்தும் பெருவிரலோடு கூடியும் நிகழ்வது.

இப்பகுதியை நாம் முன்னர்ப் பலமுறை கற்பித்திருக்கின்றோம். ஆனால் விரலிலே தந்தி உறுத்திய பின்னரே அது உயிர்பெற்றது. உக்குலேலேயை வருடி மீட்டப் பழகிய பின்பு, தந்திகளைத் தனித்தனியே தெறிக்கும் பயிற்சிக்கு வந்தோம். பெருவிரலுக்கு நான்காந் தந்தி, சுட்டுவிரலுக்கு மூன்றாவது, நடுவிரலுக்கு இரண்டாவது, மோதிரவிரலுக்கு முதலாவது எனப் பங்கிட்டோம். இவ்வாத்தியத்திலே ஒரு விந்தையுண்டு. கிதாரிலே வாசிப்பவர் முகத்துக்கு அண்மையான தந்தி தாழ்ந்து ஒலிக்கும். இங்கோ அதுவே உயர்ந்து ஒலிக்கும். ஆதலால் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என வரிசையாய்த் தெறித்தாலும் ஒலி முதலிலே தாழ்ந்து பின்னர்ப் படிப்படியாய் ஏறும். வரிசையை மாற்றி நான்கு, இரண்டு, மூன்று, ஒன்று என ஒரு தந்தியைத் தாண்டித் தாண்டிச் சென்றபோது எம்முள் மாணவர் ஒருவர் திடீரென நிறுத்தி, "இதுதானே உறழ்தல்?" என்றார். யாழின் உறழ்தலும் இதுவும் ஒன்றே என்று நாம் சாதிக்க வரவில்லை. மறைந்துபோன விரல்களின் பெயர்கள் எம் விரல்களைத் தீண்டிய கணம் அது என்பதே எமது கூற்று.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920களின் பிற்பகுதியிலே இதே திருகோணமலையில், இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றிருந்த இந்துக் கல்லூரியை நடத்தியவர். நரம்புகளின் அளவைக் கணக்கிட்டு, சுருதிகளை எண்களால் நிறுவி, யாழின் உருவத்தை மீட்டெடுக்க நெடுங்காலம் உழைத்தவரும் அவரே. அவரது யாழ் நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. மறுமாதமே அவர் மறைந்தார். அப்பேரறிஞர் மீட்டவை அளவும் இலக்கணமும் வடிவும். அவரால் மீட்க முடியாதது ஒன்றே: பாணரின் கை. பாணர் என்னும் மக்கள் மதிப்பிழந்து, கோயிலுக்கும் அரண்மனைக்கும் வெளியே தள்ளப்பட்டுச் சிதைந்தபோது, தலைமுறை தலைமுறையாய்க் கைமாறி வந்த கோலங்கள் அவர்களோடு மண்ணாயின. ஏட்டிலே எட்டுப் பெயர்கள் எஞ்சின, விரல் எஞ்சவில்லை.

ஒரு கலை அழிவது அது பழையதாவதனாலன்று. அதனைக் கையில் வைத்திருக்கும் மக்கள் இழிவுபடுத்தப்படுவதனாலும் சிதறடிக்கப்படுவதனாலுமே அது அழிகிறது. பாணர் கதையும் பறங்கியர் கதையும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

சிறு வட்டத்தின் வலிமை

அந்நிய வாத்தியத்தைத் தமிழர் ஏன் தூக்கவேண்டும் என்று கேட்பாரும் உளர். வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும், பின்னர்த் தஞ்சை வடிவேலுவும் அதனைக் கையிலெடுத்தனர். இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிது. வாத்தியத்துக்குக் குடியுரிமை வழங்குவது அதனை மீட்டும் கையேயன்றி அது பிறந்த நாடன்று.

வேறு சிலர், இவ்வாத்தியம் விளையாட்டுப் பொருள். கற்றறிந்தோர் கவனிக்கத் தக்கதன்று என்பர். எளிமையே அதன் பெருமை என்பது எமது விடை. லங்காஷயர் நகரத் தொழிலாளர் கொண்டாடிய ஜோர்ஜ் ஃபோர்ம்பி, உக்குலேலேயின் இனமான பாஞ்ஜோலேலேயை மீட்டிப் புகழ்பெற்றவர். 1945இல் பர்மா, இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்த படையினருக்கு அவர் பாடிக் காட்டினார். கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுக நகரிலே ஜே. சால்மர்ஸ் டோன் என்னும் இசையாசிரியர் 1967 முதல் அரசாங்கப் பாடசாலைகளில் இதனைக் கொண்டே இசையைப் பொதுக் கல்வியாக்கினார். பியானோ வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும் மலிவான நான்கு தந்தியில் சுரமும் தாளமும் சுரக்கூட்டும் கற்கலாம் என்பதை அவர் நிறுவினார். அம்முறை அந்நாடெங்கும் பரவி ஆயிரக்கணக்கான மாணவரை எட்டிற்று. இசை செல்வர் வீட்டு முன்கூடத்துச் சொத்தன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தாளம் கூட்டு உழைப்பிலே பிறந்தது என்று ஜோர்ஜ் தொம்சன் 1945இல் எழுதினார். எமது கைலாசபதி அவரிடமே பேர்மிங்ஹாமிற் பயின்றவர். அக்கூற்றை மெய்ப்பிக்கத் திருகோணமலையில் நூலகம் வேண்டியதில்லை. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டைக் கேட்டாற் போதும். ஒருவன் எடுத்துக் கொடுக்க, மற்றையோர் ஏற்றுச் சொல்ல, கயிறு ஓரடி நகர்கிறது. முந்தி இழுப்பவனால் வலை வராது. பிந்தி இழுப்பவனாலும் வராது. எமது விறாந்தையிலும் இவ்விதியே ஆட்சி செய்தது. விரைந்த விரலுடைய மாணவர் முதலில் எம்மை விட்டு ஓடினார், பாட்டு உடைந்தது. பின்னர், கட்டை விரலாலே கயிறிழுத்துத் தழும்பேறிய துறைமுகத் தோழரின் வேகத்துக்கு எல்லோரும் இறங்கி வந்தோம், பாட்டு நின்றது. அங்கிருந்து அறுவரும் சேர்ந்தே வேகமெடுத்தோம். மெதுவானவரை விட்டு ஓடுவது முன்னேற்றமன்று என்ற பாடத்தைப் பல கூட்டங்களிற் கேட்டிருக்கின்றோம். கையாற் கற்றது இங்கேதான்.

இப்பொழுது தகிட தகிட எம் அறுவருக்கும் வருகிறது. தச்சரின் கை அளவுக்கு வரவில்லை. மூன்றாம் எண்ணிக்கையை அவர் மெல்லத் தாமதித்து விழுத்தும் நயம் எமக்கு இன்னும் பிடிபடவில்லை. சென்ற ஞாயிறு அவர் தம் பேத்தியை அழைத்து வந்தார். அச்சிறுமி முதலில் வெட்கத்தோடு தூணருகே நின்றாள், பின்னர்க் கைதட்டினாள், மாலை மங்குமுன் வாத்தியத்தைக் கேட்டு வாங்கினாள். எழுவரானோம்.

ஹவாயிலே 1896இல் துரத்தப்பட்ட மொழி, 1984இல் ஒரு சிறு மழலையர் பள்ளியிலிருந்தே மீளத் தொடங்கிற்று. பெரிய மீட்சிகளின் தொடக்கம் பெரும்பாலும் சிறிய அறைகளிலேதான். ஆதலின் ஆசிரியத் தோழரையும் மாணவரையும் நாம் வேண்டுவது இதுவே. உங்கள் ஊரிலே, உங்கள் தெருவிலே, சொல்லத் தெரியாமற் கையிலே கலை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். அவர் பறங்கியராயிருக்கலாம், பறையறைவோராயிருக்கலாம், கரைவலைக்காரராயிருக்கலாம். அவரைப் பாராட்டி மாலையிட்டு அனுப்பிவிடாதீர்கள். ஐந்து பேர் சேர்ந்து அவரருகே உட்காருங்கள். கையைப் பாருங்கள். பின்பு உங்கள் கையை நீட்டுங்கள்.